இரண்டு ஷேடு ஏற்றி

2019 ஆவணியிலிருந்து இந்த ஐப்பசி வரை ஜெனிட்டா அலங்காரம் செய்து மேடைக்கு அனுப்பிய மணப்பெண்கள் 418 பேர். அவர்களில் 417 பேர் தங்கள் நிறத்தைவிட இரண்டு ஷேடு வெளுப்பாகத்தான் மேடை ஏறினார்கள். மீதி ஒருவர் விஜயகுமாரி.

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம், ஒரு மருந்துக் கடையின் மாடியில் ஜெனிட்டாவின் பார்லர் இருக்கிறது. ஒரு அறை, இரண்டு நாற்காலி, ஒரு ஏசி. மணப்பெண் வந்தால் மட்டும் ஏசி ஓடும். புருவம் திருத்த வருகிறவர்களுக்கு மின்விசிறிதான். ஜெனிட்டாவுக்கு வயது இருபத்தெட்டு. அம்மா ரெபேக்காள் அரசு ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர். அப்பா மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். தாத்தா காலம் வரை குடும்பம் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தது. ஜெனிட்டா பி.காம். இரண்டாம் வருடத்தில் நின்றுவிட்டு அழகுக்கலைப் பயிற்சிக்குப் போனார். "அக்கவுண்ட்ஸ் மண்டையில ஏறல. வேற சோகக் கதையெல்லாம் ஒண்ணும் இல்ல" என்கிறார்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் பெண்ணை வரவழைத்து ட்ரையல் பார்ப்பது வழக்கம். ஜெனிட்டா பெண்ணின் தாடையோரம் மூன்று கோடு போடுவார். முதல் கோடு பெண்ணின் சொந்த நிறம். இரண்டாவது ஒரு ஷேடு வெளுப்பு. மூன்றாவது இரண்டு ஷேடு. கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருப்பது பெண் என்றாலும் விரலை நீட்டுவது பின்னால் நிற்கிறவர்கள்: அம்மா, அத்தை, வரப்போகிற மாமியார். விரல் மூன்றாவது கோட்டில் போய் நிற்கும். வெளுப்பு என்ற வார்த்தையை யாரும் சொல்வதில்லை. "கொஞ்சம் ப்ரைட்டா இருக்கட்டும்" என்பார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு ஷேடு போதும். வெளுப்பில் அவர் பெண்ணைவிட ஒரு படி கீழே நிற்க வேண்டும் என்பது இந்தப் பக்கத்து மண்டபங்களில் எல்லாருக்கும் தெரிந்த விதி. புகைப்படக்காரர்களும் அந்தக் கணக்குக்குத்தான் லைட் வைப்பார்கள். ஜெனிட்டாவின் பெட்டியிலும் மாநிறத்துக்குக் கீழே இருக்கிற ஷேடுகள் மூக்கோரம் நிழல் காட்டுவதற்கு மட்டும்தான் இருந்தன. முழு முகத்துக்குப் போட அவற்றை யாரும் கேட்டதே இல்லை.

முகூர்த்தம் நடக்கும்போது மேக்கப் போட்டவருக்கு வேலை இல்லை. சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு டச்-அப். அதுவரை மணமகள் அறையில் சிதறிக் கிடக்கும் ஹேர்பின்களுக்கு நடுவே உட்கார்ந்து போன் பார்க்கலாம். அப்படித்தான் ஜெனிட்டா 'ஒருமுகம்' படிக்க ஆரம்பித்தார்.

அது ஒரு செயலியில் வெள்ளிக்கிழமைதோறும் வந்த தொடர்கதை. கல்லூரிப் பெண்களுக்காக எழுதியது. மூன்று பாகம் வந்துவிட்டது. எழுதுகிறவர் ஆணா பெண்ணா என்றுகூட யாருக்கும் தெரியாது. கதை நடப்பது கடலோரத்து ஒரு நகரத்தில், இனிமேல் வரப்போகும் ஒரு காலத்தில். அங்கே பதினெட்டு வயது ஆனால் எல்லாரும் வார்ப்புச் சாலைக்குப் போக வேண்டும். அரசாங்கம் அனுமதித்த ஒன்பது முகங்களில் ஒன்றாக அவரவர் முகத்தை மாற்றிவிடுவார்கள். மாற்றிக்கொள்ளாதவர்களுக்கு வாடகை வீடு இல்லை, ரயிலில் இடம் இல்லை. மருதி என்கிற பெண் அதிலிருந்து தப்பி உப்பளத்தில் ஒளிந்துகொள்கிறாள். அவளுடைய தோழி திவளி வார்ப்புச் சாலையிலேயே வேலைக்குச் சேர்ந்து, மற்றவர்களின் முகத்தை மாற்றுகிறாள்.

அத்தியாயங்களைவிட அவற்றின் கீழே வந்த கருத்துகள் நீளமாக இருந்தன. தேனியில் ஒரு விடுதி மாணவிகள் மருதிக்குத் தப்பிக்கும் வழிகளை வரைபடம் போட்டு அனுப்பினார்கள். ஒரு பொறியாளர் இத்தனை பேருக்கு ஒன்பது முகம் போதாது, போலீஸால் ஆளை அடையாளம் காண முடியாது என்று விளக்கினார். ஒரு அம்மா எழுதினார்: "என் மகளுக்குப் போன வாரம் பல்லுக்குக் கம்பி போட்டேன். நானும் வார்ப்புச் சாலைதானா?" அதற்கு மட்டும் நூற்றுக்கணக்கான பதில்கள். யாரோ ஒருவர் 'உங்களுக்கு எந்த முகம் பொருந்தும்?' என்று ஒரு வினாடி வினா தயாரித்து விட்டார். முகத்தை மாற்றுவதே கொடுமை என்று பக்கம் பக்கமாக எழுதியவர்கள் உட்பட எல்லாரும் அதில் கலந்துகொண்டு, தங்களுக்கு வந்த எண்ணைப் பெருமையாகப் போட்டார்கள். நான்காம் முகத்துக்குத்தான் கிராக்கி. ஜெனிட்டாவுக்கு ஒன்பது வந்தது. எரிச்சலாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறார்.

வாசகர்கள் எதற்குச் சண்டை போட்டாலும் ஒரே மனதாக வெறுத்தது திவளியை. காசுக்குத் தோழிகளையே விற்றவள், கை அழுகட்டும் என்றெல்லாம் எழுதினார்கள். இரண்டாம் பாகம் முடிந்தபோது ஜெனிட்டாவுக்குப் பொறுக்கவில்லை. 'ஜெனி ப்ரைடல், செங்கல்பட்டு' என்ற தன் பெயரிலேயே எழுதினார்: "எல்லாரும் திவளியைத் திட்டுகிறீர்கள். அந்த ஒன்பது முகத்தின் அளவை அவளா வகுத்தாள்? நான் செய்வதும் இதே வேலைதான். பெண்ணின் அம்மா விரல் நீட்டுகிறார், நான் போடுகிறேன். திட்டுவதானால் விரலைத் திட்டுங்கள்."

இரண்டு நாளில் அது தொடரிலேயே அதிகம் பேர் படித்த கருத்தாகிவிட்டது. பாதிப் பேர் கொதித்தார்கள். பாதிப் பேர் அக்கா சொல்வது உண்மை என்றார்கள். ஒருவர், "சூப்பர் அக்கா, ஏப்ரல்ல எனக்குக் கல்யாணம், தேதி ஃப்ரீயா?" என்று கேட்டிருந்தார். 'வேடந்தாங்கல் கொக்கு' என்ற பெயரில் ஒருவர் ஒரே ஒரு கேள்வி போட்டார்: "விரல் அவர்களுடையது, சரி. ஒரு தடவையாவது முடியாது என்று சொல்லிப் பார்த்தீர்களா?"

ஜெனிட்டா பதில் எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். கடைசியில் ஒன்றும் போடவில்லை.

ஆடி மாதம் ரவிச்சந்திரன் ஒரு புது வேலை கொண்டுவந்தார். திருக்கழுக்குன்றத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கிழக்குக் கடற்கரைச் சாலை மண்டபங்களில் அவருக்கு நல்ல பழக்கம். போட்டோவுக்கு அவரைப் பிடித்தால் மேக்கப்புக்கு ஜெனிட்டா என்பது ஐந்து வருட ஏற்பாடு. ஜெனிட்டாவுக்கு வரும் கல்யாணங்களில் முக்கால்வாசி அவர் கை காட்டியவை.

"பொண்ணு விஜயகுமாரி, வேடந்தாங்கல் பக்கம். ஆஸ்பத்திரி லேப்ல வேல. முட்டுக்காட்டுல மண்டபம். அதுவே உன் பேர சொல்லி கேட்டுச்சிம்மா" என்றார்.

ட்ரையலுக்கு விஜயகுமாரி மாமியாராகப் போகிற லோகநாயகியுடன் வந்தார். லோகநாயகி நாற்காலியில் உட்காரும் முன்பே விசாரணையை ஆரம்பித்தார்.

"உனுக்கு எந்தப் பக்கம்மா?"

"இங்கதாம்மா. ஸ்டேஷன் எதிர்ல."

"இது கட. நான் கேட்டது வூடு."

"வூடும் செங்கல்பட்டுதாம்மா."

எந்தத் தெரு என்ற கேள்வி வருவதற்குள் ஜெனிட்டா கோடுகளைப் போட ஆரம்பித்துவிட்டார். அது அவருக்குப் பழக்கம். லோகநாயகி மூன்றாவது கோட்டைக் காட்டினார். "எம்புள்ள பக்கத்துல நிக்கணும் இல்ல? இப்பிடியே நின்னா இது டல்லடிக்கும்." பிள்ளை தமிழ்வாணனின் படம் அவர் போனிலேயே இருந்தது. பெண்ணின் நிறம்தான், வித்தியாசம் ஒன்றும் இல்லை. விஜயகுமாரி கண்ணாடியில் முதல் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் போன் வந்தது.

"அக்கா, நான் விஜயகுமாரி. கொக்கு."

"எந்தக் கொக்கு?"

"வேடந்தாங்கல் கொக்கு. உங்கள ஒரு கேள்வி கேட்டேனே."

"அடிப்பாவி, நீயா அது? ஒரு வாரம் என்ன தூங்க வுடலியே!"

"அதான் தேடிக்கினு வந்தேன். எனுக்கு மொதல் கோடு போடுங்க க்கா. என் கலரு."

"மாமியாருகிட்ட நீயே சொல்லேன்."

"சொல்லலாம்னு வூட்ல வாயத் தொறந்தேன். எங்கம்மாவே, 'தாலி ஏறுற வரைக்கும் கம்முனு இரு'ன்னுட்டாங்க. நீங்க போட்டுட்டீங்கன்னா போட்டதுதான? மேடையில வந்து அழிப்பாங்களா?"

ஜெனிட்டா பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி வைத்தார். அடுத்த நாள் ரவிச்சந்திரனிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டார்: பெண் ஒரு ஷேடு கேட்டு, மாமியார் ஒரு ஷேடு கேட்டால்?

"பொண்ணு ஆயிரம் கேக்கும் ஜெனி. ஆல்பத்த தொறந்து பாக்கறது மாமியாரு. இந்த மண்டபத்து மேனேஜரு யாரு தெரியுமா? அந்தம்மா தம்பி. அந்த ஆளு ஒரு வார்த்த சொன்னா கோவளத்துலருந்து மாமல்லபுரம் வரைக்கும் எந்த மண்டபத்துலயும் நான் உன்ன கூப்ட முடியாது. தை மாசம் போச்சி. பேஜாரு வாணாம்."

சொன்னதில் தப்பில்லை. தை மாதம்தான் பார்லருக்கு வருடச் சோறு. இருந்தாலும் அந்த வாரம் ஜெனிட்டா மின்சார ரயில் ஏறி பாரிமுனைக்குப் போய், விஜயகுமாரியின் நிறத்துக்கு ஒரு புட்டி தேடி வாங்கினார். போடுவது என்று முடிவு செய்யவில்லை. கையில் இருக்கட்டும் என்றுதான் வாங்கினார். தன்னோடு வேலை செய்யும் ஜெஸ்ஸியிடம் சொல்லவில்லை. முடி அலங்காரமும் மாப்பிள்ளை மேக்கப்பும் ஜெஸ்ஸி பொறுப்பு. ஏதாவது ஆகிவிட்டால், தெரியாதவளை யாரும் திட்ட முடியாது என்பது ஜெனிட்டாவின் கணக்கு. தப்பு அங்கேதான் நடந்தது.

ஆவணியில் வரவேற்பு, மாலை ஏழு மணிக்கு. முட்டுக்காட்டில் உப்பங்கழிக் காற்று பிசுபிசுவென்று அடிக்கும். முகத்தில் முதலில் போடுகிற பேஸ் பூச்சு திட்டுத்திட்டாகப் பிரிந்துவிடும். அதனால் ஜெனிட்டா மணமகள் அறையின் ஜன்னல்களை மூடி, கதவையும் உள்ளே தாழிட்டார். ஜெனிட்டா பெட்டியைத் திறந்து இரண்டு புட்டிகளையும் மேசையில் வைத்தார். கொஞ்ச நேரம் விஜயகுமாரியின் முடியில் சிக்கெடுத்தார். பிறகு புதுப் புட்டியை எடுத்தார்.

சொந்த நிறத்தில் போடுவது சுலபம் என்று நினைத்திருந்தார். வெளுப்பாக ஏற்றினால் கீழே இருக்கிற தழும்பு, கருவளையம் எல்லாம் ஒரே பூச்சில் மறைந்துவிடும். சொந்த நிறத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்துத் திருத்த வேண்டும். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் ஆனது.

பக்கத்து அறையில் ஜெஸ்ஸி வழக்கப்படி மாப்பிள்ளைக்கு ஒரு ஷேடு ஏற்றினார். லோகநாயகி எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ப்ரைட்டா போடும்மா" என்றார். பெண்ணுக்கு ஜெனிட்டா மூன்று ஷேடு போட்டிருப்பாள் போலிருக்கிறது என்று ஜெஸ்ஸி நினைத்துக்கொண்டு, இன்னொன்று ஏற்றினார்.

நேரமாகிவிட்டதால் இருவரும் அறைகளிலிருந்து நேராக மேடை ஏறினார்கள். ரவிச்சந்திரன் வழக்கமான கணக்குக்கு வைத்திருந்த லைட்டுகளைப் போட்டார். பெண் பெண்ணாகவே இருந்தார். மாப்பிள்ளை மட்டும் புதிதாக வெள்ளையடித்த சுவர் மாதிரி பளீரென்று நின்றார். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம்.

முன்வரிசையில் மாப்பிள்ளையின் நண்பர்கள்.

"மச்சான், பொங்கலுக்கு இன்னும் நாள் கீதுடா. யாரு சுண்ணாம்பு அடிச்சது?"

"டேய், அது மாப்ள இல்லடா, இட்லி. கைய வுடு, சூடா கீதான்னு பாக்கலாம்."

"பொண்ணு தொட்டுக்கப் போவுது, சட்னி எங்கடா?"

கேமராவிலிருந்து தலையை எடுத்த ரவிச்சந்திரன், "ரெண்டு பேரையும் ஒரே ஃப்ரேம்ல எப்பிடிய்யா புடிக்கறது?" என்று உதவியாளரிடம் முணுமுணுத்தார். லோகநாயகி மேடையேறி, இருவரையும் டச்-அப் என்று சொல்லிக் கீழே கூட்டிக்கொண்டு போனார்.

மணமகள் அறைக்குள் ஆறு பேர். வெளியே பரிசுப் பையோடு வரிசை நின்றுகொண்டிருந்தது.

"நான் காட்டுனது எது, நீ போட்டது எது?" லோகநாயகி குரலை உயர்த்தவில்லை. "ஊரே சிரிக்குது."

ஜெஸ்ஸி மாப்பிள்ளையையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்து, "இன்னாடி இது, எங்கிட்ட சொல்றதில்லியா?" என்று ஜெனிட்டாவின் காதில் சீறினார்.

ரவிச்சந்திரன்தான் வழி எடுத்துக் கொடுத்தார். "ஒண்ணும் இல்லம்மா, கரண்ட் போயி போயி வந்துச்சி இல்ல, பாட்டில் மாறிடுச்சி. பத்தே நிமிஷம், பொண்ணுக்கு ஏத்திடுவா. இல்ல ஜெனி?"

ஆமாம் என்றால் போதும். தை மாதம் பத்திரமாக இருந்திருக்கும். ஜெனிட்டா விஜயகுமாரியைப் பார்க்கவில்லை என்கிறார். பார்த்தால் அவளுக்காகச் சொன்னது போல ஆகிவிடும் என்று பயம்.

"பாட்டில் மாறலண்ணா. நான்தான் போட்டேன். பொண்ணுக்கு முடிஞ்சிடுச்சிம்மா. இனிமே ஏத்த முடியாது."

"முடியாதா? இல்ல மாட்டியா?"

"மாட்டேம்மா."

"நான்தான் கேட்டேன் அத்த" என்றார் விஜயகுமாரி.

லோகநாயகி அவர் பக்கம் திரும்பும் முன்னால் தமிழ்வாணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "யம்மா, சண்டய அப்புறம் வெச்சிக்க. மொதல்ல என் மூஞ்சிய கழுவ சொல்லு. அவனுங்க கீழ சட்னி கேக்கறானுங்க."

ஜெஸ்ஸியும் ஜெனிட்டாவும் சேர்ந்து ஈரத் துணியால் துடைத்தார்கள். துணி மூன்று தடவை மாற்ற வேண்டியிருந்தது. அவர் நிறத்துக்குப் பெட்டியில் இருந்தது பெண்ணுக்காக வாங்கிய புதுப் புட்டிதான். அதையே மெலிதாகத் தடவினார்கள். ரவிச்சந்திரன் லைட்டுகளைத் திருப்பி வைத்தார், ஒவ்வொன்றையும் திருப்பும்போது ஏதோ திட்டிக்கொண்டு.

வரவேற்பு நடந்தது. விருந்தாளிகளில் பலர் ஜெனிட்டாவின் வேலையைப் பாராட்டவில்லை. அவர்களுக்கு அது தெரியவே இல்லை. சாப்பாட்டுப் பந்தியில் ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "பாவம், பொண்ணுக்கு மேக்கப்புக்கு ஆள் வரல போல" என்றதை ஜெனிட்டா தன் காதாலேயே கேட்டார்.

மறுநாள் விடியற்காலை முகூர்த்த அலங்காரத்துக்குப் போனபோது, உள்ளே விட வேண்டாம் என்று மேனேஜர் சொன்னதாகக் காவலாளி சொன்னார். ஜெனிட்டாவும் ஜெஸ்ஸியும் பெட்டியோடு சாலையில் நின்று முதல் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். லோகநாயகி வேறு ஒரு பார்லருக்கு ஆள் அனுப்பியிருந்தார். அவர்கள் வருவதற்குள் விஜயகுமாரி தானே பவுடர் போட்டு, மை வைத்துக்கொண்டு மணவறைக்குப் போய்விட்டார். மாமியாரும் மருமகளும் இப்போது பேசிக்கொள்கிறார்கள். ஆல்பம் வந்தது. லோகநாயகி இன்னும் திறந்து பார்க்கவில்லை என்று விஜயகுமாரி சொல்கிறார்.

அந்த வாரம் ஜெனிட்டா கொக்கின் பழைய கேள்விக்குக் கீழே பதில் எழுதினார்: "ஒரு தடவை சொன்னேன்." கை தட்டியவர்கள் நிறைய. கதை விடுகிறார் என்றவர்களும் இருந்தார்கள். விளம்பரத்துக்காக என்றார் ஒருவர். திவளியும் இப்படிச் செய்திருந்தால் மூன்றாம் பாகமே தேவைப்பட்டிருக்காது என்றார் இன்னொருவர். மகளுக்குப் பல் கம்பி போட்ட அம்மா மட்டும், "அதற்கப்புறம் வேலை?" என்று கேட்டார்.

"குறைந்துவிட்டது" என்று ஜெனிட்டா பதில் போட்டார். தொடரை எழுதுகிறவர் அதற்கு ஒரு இதயக் குறி போட்டார்.

ரவிச்சந்திரன் பார்லருக்கு ஒரு தடவை நேரில் வந்தார். "உம்மேல கோவம் இல்ல ஜெனி. உன் பேர சொன்னாலே மேனேஜருங்க போன வெச்சிடறாங்க. நான் இன்னா பண்ண?" பிறகு கொஞ்சம் தயங்கி, ஜெஸ்ஸியை அனுப்பினால் கூப்பிட முடியும் என்றார்.

அவர் போன பிறகு ஜெஸ்ஸி கேட்டார், "நான் போவட்டா, வேணாமா? நீ சொல்றதுதான்."

"போடி. உன் புருஷனா உக்கார வெச்சி சோறு போடப் போறான்?"

"அவனுக்கே நான்தாண்டி போடறேன்" என்றார் ஜெஸ்ஸி.

ஐப்பசியில் ரவிச்சந்திரன் மூலம் இல்லாமல் நேராகவே ஒரு பெண் வந்தாள். திருப்போரூர், சிறிய கல்யாணம், வீட்டிலேயே. அவளுடைய அம்மா மூன்றாவது கோட்டைக் காட்டினார். ஜெனிட்டா அம்மாவைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுப் பெண்ணிடம் தனியாகக் கேட்டார், "உனுக்கு எதும்மா வேணும்?" அவளும் மூன்றாவதையே காட்டினாள். ஜெனிட்டா மூன்றாவதையே போட்டார்.

தை முதல் தேதியிலிருந்து அவர் வாரத்தில் நான்கு நாள் கோவளம் பக்கம் ஒரு சுற்றுலா விடுதியில் முக மசாஜ் வேலைக்குப் போகப் போகிறார். மண்டபங்களுக்கு ஜெஸ்ஸி மட்டும் போவார்.